மாமன் உரிமையும் பெண்ணின் வயதும்

(கோவில்பட்டியில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கண்மாய், சாலை, விதை என்று பேசுவதற்கே இத்தகைய முகாம்களில் பொழுது போதுவதில்லை. எனினும் இன்று வீட்டுக்குள் முடிவாகும் ஒரு காரியத்தைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். அது பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முறை.

நம் கரிசற் சீமையில் பெண் குழந்தைக்கு முதற் சீர் தாய்மாமனுடையது. அவன் மடியில் அமர்த்தியே காது குத்துகிறோம். அவள் ஆளானால் சீர்வரிசை கொணர்பவனும் அவனே. பிறகு அக்காள் மகளை அவனே கொள்வான். இல்லையேல் தன் மகனுக்குக் கேட்பான். அதை உரிமை என்கிறோம். தெலுங்கு பேசும் குடும்பங்களில் மாமன் மகளைக் கொள்வதற்கு மேனரிகம் என்று பெயர். உலகெங்கும் இப்படியா என்றால், இல்லை. வட இந்தியாவில் பல சமூகங்கள் சொந்த ஊரிலேயே பெண் எடுக்கமாட்டா. அராபியரிடையே சிற்றப்பன் மகளை மணப்பது சிறப்பு. நமக்கோ அவள் தங்கை!

இவ்வழக்கம் அறியாமையால் தோன்றியதன்று. இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. அந்நிலையில் நிலம் சிதறாமலும், சீதனச் சுமை மிகாமலும், மகள் அறிமுகமற்ற வீட்டில் அவதியுறாமலும் காக்க முன்னோர் கண்ட ஏற்பாடு இது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும், வழக்கம் உள்ள இடத்தில் இதற்கு இடமளித்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களுள் 100-க்கு 28 பேர் உறவில் மணந்தவர்கள்.

ஆனால் மருத்துவம் கூறுவதையும் கேட்க வேண்டும். மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுக்களில் கால் பங்கு பொது. மாமன் மகள், அத்தை மகன் எனில் அரைக்கால் பங்கு. ஒரே குறை இருவரிடத்தும் வெளித் தெரியாமல் மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு அது குழந்தையிடம் வெளிப்படக்கூடும். பிறவிச் செவிடு அவ்வாறு வருவதுண்டு. சாதாரணமாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பிறவிக் குறையோடு பிறக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் மணத்தில் அது 4 முதல் 6 வரை ஆகிறது. அக்காள் மகள் மணத்தில் இன்னும் கூடும். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் உண்மை; உறவில் மணந்தோரை அச்சுறுத்த நான் வரவில்லை. கம்பை ஒரே வழியில் தன் மகரந்தத்தாலேயே தலைமுறைதோறும் பெருக்கினால் வீரியம் குன்றும் என்பதை வீரிய ஒட்டு விதை வாங்கும் நீங்கள் அறிவீர்கள். மனிதர் பயிரல்லர், ஆயினும் தலைமுறை தலைமுறையாக உறவிலேயே கொள்ளும் வீடுகள் இதனைக் கருதவேண்டும். குறையுள்ள குழந்தை பிறந்தால் தாயைப் பழிக்கிறார்களே, அது பெரும் அநியாயம். அக்குறையில் தந்தையின் பங்கும் சரிபாதி.

இதனினும் அவசரமானது வயது. பெண்ணின் மணவயது 1929-இல் 14, 1949-இல் 15, 1978-இல் 18 ஆயிற்று. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவர் திருமணத்தை நடத்தி வைப்பவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. மாமன் என்பதற்காக அதில் விலக்கு ஏதும் இல்லை. "மாப்பிள்ளை நம் வீட்டுப் பிள்ளைதானே, இப்போதே முடித்தால் என்ன?" என்ற சொல்தான் பத்தாம் வகுப்புப் பெண்ணின் புத்தகத்தை மூட வைக்கிறது. உடல் முதிராத தாய்க்குப் பிரசவம் ஆபத்து. சிசுவும் எடை குறைந்து பிறக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்துள்ளது. மாமன் சீர் செய்ய விரும்பினால், அவள் கல்லூரிக்குச் செல்லப் பேருந்துக் கட்டணமாகத் தரட்டுமே!

ஊராட்சிப் பெரியோரிடம் நான் வேண்டுவது: பரிசம் பேசும் வீட்டிற்கு உங்களை அழைப்பார்கள். தாம்பூலம் மாற்றும் முன், பெண்ணின் பள்ளிச் சான்றிதழைக் கேளுங்கள்; அவளிடம் தனியே, தாய்மார் மூலம் சம்மதம் கேளுங்கள். வயது குறைவெனில் 1098 என்ற தொலைபேசி எண் உள்ளது, இரவிலும் அழைக்கலாம். ஏற்கெனவே உறவில் மணந்தோர், கருவுற்றவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த உறவைத் தவறாமல் சொல்லவேண்டும். பிறந்த குழந்தைக்குச் செவிப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். காது கேளாமை சீக்கிரம் தெரிந்தால் பேச்சு வரச் செய்யும் வழி உண்டு.

அடுத்து மருத்துவ அலுவலர் பேசுவார். சந்தேகங்களை அவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள்.