இறக்கத்தில் நடுங்கும் சுக்கான்

மாத்தளை மாவட்டத்து இரத்தோட்டையிலிருந்து லக்கலவுக்குச் செல்லும் பாதை முதலில் மலையேறிப் பின்பு மலையிறங்கும் பாதையாகும். நக்கிள்ஸ் மலைத்தொடரில் காற்று வலுத்து வீசும் ரிவர்ஸ்டனைக் கடந்ததும், வளைவுக்கு மேல் வளைவாகச் சரிவு தொடங்குகிறது. களுகங்கை நீர்த்தேக்கத்துக்குப் பழைய லக்கல நகரம் இடம் கொடுத்தது. 2018ஆம் ஆண்டில் புதிய நகரம் திறக்கப்பட்டது. நகரம் இடம் மாறியது, மலை மாறவில்லை. போகும்போதும் இறக்கம் உண்டு, திரும்பும்போதும் உண்டு.

இத்தகைய சரிவில் பிரேக்கை மிதித்தவுடன் கையிலுள்ள சுக்கான் நடுங்குமானால், ஓட்டுநரின் உள்ளமும் நடுங்குவது இயல்பே. பலர் உடனே கராஜுக்குச் சென்று பிரேக் தட்டுகளை மாற்றிவிடுகின்றனர். சில மாதங்களில் அதே நடுக்கம் மீண்டும் வருகிறது. பணம் போயிற்று, நோய் போகவில்லை. நோயை அறியாமல் மருந்து கொடுத்ததன் பயன் அது.

நல்ல வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, நல்ல மெக்கானிக் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "நடுக்கம் எப்போது வருகிறது?" பிரேக்கைத் தொடாமல், சமதரையில் குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் நடுங்கினால், சக்கரங்களின் எடைச் சமநிலையையோ டயரையோ முதலில் ஐயுற வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், குற்றம் பெரும்பாலும் பிரேக்கைச் சார்ந்தது.

அடுத்த கேள்வி: "நடுக்கம் எங்கே தெரிகிறது?" சுக்கானில் தெரிந்தால் முன்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். திடீரென அழுத்தி மிதிக்கையில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் சாதனம் மிதியைப் படபடவென அதிரச் செய்வதுண்டு. அது நோயன்று, அச்சாதனம் தன் கடமையைச் செய்கிறது என்பதற்கு அறிகுறி.

பின்னர் சக்கரத்தைக் கழற்றுமுன் அதன் நட்டுகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். கழற்றிய பின், பிரேக் பிடிப்பானின் ஊசிகள் தடையின்றி நகர்கின்றனவா, பெயரிங்கும் சுக்கான் மூட்டுகளும் இரப்பர் புஷ்களும் தேய்ந்துள்ளனவா என்று சோதிக்க வேண்டும். இறுதியில் தட்டைச் சுழற்றி, முள் அளவுமானியால் அதன் தள்ளாட்டத்தை அளக்க வேண்டும். பல கார்களில் அது 0.1 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது, சிலவற்றில் 0.05 மில்லிமீற்றரே எல்லை. தட்டின் கனம் ஓரிடத்துக்கு ஓரிடம் 0.02 மில்லிமீற்றர் வேறுபட்டாலே கை அதை உணர்ந்துவிடக்கூடும்.

"தட்டு கோணிவிட்டது" என்பது கராஜ்களில் வழங்கும் சொல். உண்மையில் பெரும்பாலான தட்டுகள் கோணுவதில்லை, கனம் வேறுபடுகின்றன. சக்கரக் குடத்தில் படிந்த துருவைத் துடைக்காமல் புதிய தட்டைப் பூட்டினால், அது மயிரிழை சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் உராய்ந்து அங்கே மட்டும் தேயும். நட்டுகளை ஒழுங்கின்றி முறுக்கினாலும் இக்கேடு நேரலாம். புதிய தட்டு விரைவில் நடுங்குவதன் இரகசியம் பலமுறை இதுவே.

மற்றொரு காரணம் வெப்பம். 1,200 கிலோகிராம் எடையுள்ள வண்டி, வேகம் கூடாமல் 500 மீற்றர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். அந்தச் சுமை முழுவதையும் பிரேக்கே தாங்கினால் எழும் வெப்பம், சாதாரணத் தண்ணீரில் சுமார் 18 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வாறு கொதித்த தட்டின்மீது, வண்டியை நிறுத்திய பின்னும் மிதியை அழுத்திக்கொண்டேயிருந்தால், பிரேக் கட்டையின் பொருள் அங்கே தடமாக ஒட்டிக்கொள்ளும். அத்தடமே பின்னர் நடுக்கமாகிறது.

ஆகவே பரிகாரத்தில் பாதி கராஜிலும் பாதி ஓட்டுநரின் காலிலும் இருக்கிறது. இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற வேண்டும். பிரேக்கில் இடைவிடாது காலை வைத்திராமல், வேண்டிய இடத்தில் உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, பின்பு விட்டுவிட வேண்டும். சரிவில் திடீரென நடுக்கம் மிகுந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி நட்டுகளைப் பார்க்க வேண்டும். மிதி தொய்ந்து உள்ளே போனாலோ, கருகிய வாடை வந்தாலோ, பயணத்தைத் தொடரலாகாது; பிரேக் ஆறட்டும், மெக்கானிக் வரட்டும்.

சுக்கானின் நடுக்கம் சிறியதாயிருக்கும்போதே அதன் காரணத்தைத் தேடுவது அறிவுடைமை. ரிவர்ஸ்டன் சரிவில் அடுத்த வளைவுக்கு அப்பால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் நடந்து வரக்கூடும். பிரேக்கைச் சரிபார்ப்பதற்குரிய இடம் அந்த வளைவன்று. புறப்படுமுன் வண்டி நிற்கும் முற்றமே.