சத்தம் போடாத வண்டி: ஹைப்ரிட் கார் வாங்கப் போகிறவர்களுக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னைக் கார் பற்றிப் பேசச் சொன்னதும் தயங்கினேன். நான் மெக்கானிக் இல்லை. ஆம்பூரில் டேனரியில் முப்பது வருடம் தோல் பினிஷிங் பார்த்தவன். இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் வேலூரிலிருந்து ஆம்பூருக்கு நானே ஓட்டிப் போய் வருகிறேன். என்னிடம் ஹைப்ரிட் கார் இருக்கிறது. நம் பேஸ்மென்ட்டிலும் இப்போது அவை ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. இன்னும் சிலர் புக் செய்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

பேசுவதற்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டேன். "புதிதாக ஹைப்ரிட் கார் வாங்கினால் என்னென்ன வசதி வேண்டும்?" சன்ரூஃப், பெரிய திரை, காற்று வரும் சீட், 360 டிகிரி கேமரா, லெதர் சீட், மைலேஜ் என்று மளமளவென்று பதில் வந்தது. ஒரு பாட்டி மட்டும், "முட்டி வலிக்காமல் ஏறி இறங்க முடியணும்ப்பா" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். எல்லாம் நியாயமான ஆசைதான். ஆனால் ஒரு பதில் மட்டும் யாரிடமிருந்தும் வரவில்லை. வண்டிக்கு வெளியே நிற்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாங்கும்போது கேட்கவில்லை. அதன் விளைவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன். என் இடத்துக்குப் பக்கத்தில் தூண் இருப்பதால் சென்சார் தினமும் கத்தும். அன்றும் கத்தியது, நான் கண்டுகொள்ளவில்லை. திடீரென்று வாட்ச்மேன் பின்பக்கத்தை ஓங்கித் தட்டினார். பிரேக் போட்டேன். இறங்கிப் பார்த்தால், பம்பருக்கு ஒரு முழ தூரத்தில் ஒரு சின்னப் பையன் குனிந்து ஷட்டில்காக் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையது.

அந்தப் பையன் ஏன் நகரவில்லை? அவனுக்கு வண்டி நகர்வதே தெரியவில்லை. பெட்ரோல், டீசல் வண்டி என்றால் ஸ்டார்ட் செய்யும்போதே குழந்தைகள் ஒதுங்கிவிடுவார்கள். ஹைப்ரிட் அப்படி இல்லை.

ஹைப்ரிட்டில் இரண்டு வகை உண்டு. மைல்ட் ஹைப்ரிட்டில் மோட்டார் என்ஜினுக்கு ஒத்தாசை மட்டும் செய்யும். வண்டியைத் தனியாக இழுக்காது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் மெதுவாகப் போகும்போது பெரும்பாலும் மோட்டாரிலேயே ஓடும், என்ஜின் அணைந்திருக்கும். 2022-இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், அதே வருடக் கடைசியில் வந்த இனோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகைகள் இப்படித்தான். கிராண்ட் விட்டாராவுக்குச் சோதனைக்கூடத்தில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் வருகிறது என்றால் காரணம் இதுதான். மைலேஜைத் தரும் அதே விஷயம்தான் சத்தத்தையும் எடுத்துவிடுகிறது.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ரிவர்ஸ் எடுப்பது, பார்க்கிங்கில் நுழைவது, வெளியே வருவது, வேகம் குறைத்து நிற்பது போன்ற நேரங்களில் ஹைப்ரிட் வண்டிகள் நடந்து போகிறவர் மேல் மோதும் வாய்ப்பு சாதாரண வண்டிகளைப் போல இரண்டு மடங்கு என்று அதில் கண்டார்கள். அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் நம் பேஸ்மென்ட்டில் தினமும் நடப்பவை. பிறகு அமெரிக்காவில் 2011 ஜனவரியில் இதற்கென்று சட்டமே வந்தது. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய ஹைப்ரிட், மின்சாரக் கார்களும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், ரிவர்ஸிலும் செயற்கையாக ஒலி எழுப்பியே ஆக வேண்டும்.

இந்த ஒலி எழுப்பும் வசதிக்கு 'ஏவாஸ்' என்று பெயர். ஷோரூமில் இதை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் போதாது, ஒருவரை வண்டியை மெதுவாக ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி, நீங்கள் வெளியே நின்று காதால் கேட்டுப் பாருங்கள். என் வண்டியிலும் இந்த ஒலி இருந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் அது எடுபடவில்லை. ஆகவே வசதி இருக்கிறது என்பதற்காக நம் கண் ஓய்வு எடுக்கக் கூடாது.

பார்க்கிங்கில் இன்னொரு விஷயம். ஹைப்ரிட் 'ரெடி' என்ற நிலையில் இருந்தால் என்ஜின் ஓடாவிட்டாலும் வண்டி உயிரோடுதான் இருக்கிறது. சத்தம் இல்லையே என்று அணைக்காமலே இறங்கிப் போய்விடுகிறவர்கள் உண்டு. பேட்டரி சார்ஜ் குறைந்தால் என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும். மூடிய இடத்தில் அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லக்கூடியது. அதற்கு வாசனையும் கிடையாது. உள்ளே குழந்தை உட்கார்ந்திருந்து எதையாவது அழுத்தினால் அது வேறு ஆபத்து. சாவியோடு நாம் விலகிப் போனால் எச்சரிக்கிறதா, நீண்ட நேரம் நின்றால் தானாக அணைகிறதா என்று கேளுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும், திரையில் 'ரெடி' விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். குழுவில் பலர் லெதர் சீட் கேட்டிருந்தீர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்த ஆசை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் இந்த விலையில் வரும் பெரும்பாலான கார்களில் இருப்பது தோல் இல்லை, செயற்கை லெதரெட். ஷோரூமில் சீட்டைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மேலே நிறப்பூச்சு கொடுத்துவிட்டால் முப்பது வருடம் தோலைப் பார்த்த என் கையே ஏமாறும். பின்பக்க நாரைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் பிரசுரத்தில் என்ன வார்த்தை போட்டிருக்கிறது என்று படியுங்கள்.

"அப்படியானால் நம் ஊர் நல்ல தோலையே வாங்கிக் கவர் தைத்துவிடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தோலைத் தேர்ந்தெடுத்து, தையல்காரரிடம் அளவும் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் வண்டியின் கையேட்டைப் படித்தேன். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத்துக்குள் இருக்கிறது. மோதும் நொடியில் அந்த ஓரத் தையலைப் பிளந்துகொண்டு அது வெளியே வர வேண்டும். அதன் மேல் கெட்டியான தோலை இழுத்துத் தைத்துவிட்டால் எப்படி விரியும்? தோல் எவ்வளவு இழுவை தாங்கும் என்று எனக்குத் தெரியும், அதனாலேயே பயந்தேன். கவரை நிறுத்திவிட்டேன். தயவுசெய்து நீங்களும் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு வெளிக்கடையில் கவர் போடாதீர்கள். முன்பக்கம் இரும்புக் கம்பி மாட்டுவதும் இதே கதைதான். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக உத்தரவிட்டுவிட்டது.

ஏர்பேக் எத்தனை? முன் இருக்கை இரண்டுக்கும் சட்டப்படி கட்டாயம். ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்க அரசு 2022-இல் வரைவு வெளியிட்டது. 2023-இல் அதைக் கட்டாயமாக்கப் போவதில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். ஆகவே இது நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய விஷயம். அதைவிட முக்கியம் பின் இருக்கை பெல்ட். டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-இல் மகாராஷ்டிராவில் நடந்த விபத்தில் இறந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸார் சொன்னார்கள். அது விலை உயர்ந்த, பாதுகாப்பு வசதிகள் நிறைந்த வண்டி. நடு இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பேரனை மடியில் வைத்துக்கொள்வது பாசம், பாதுகாப்பு இல்லை.

அடுத்து நெடுஞ்சாலை. வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர் வழியாக ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். சென்னை–பெங்களூரு லாரி எல்லாம் அந்தச் சாலையில்தான். மாலையில் ஷூ கம்பெனி ஷிஃப்ட் விடும் நேரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேலை முடித்த பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடப்பார்கள். இருட்டும் நேரம், எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்கும். அந்தப் பெண்களில் பலரோடு நான் ஒரே காம்பவுண்டில் வேலை பார்த்திருக்கிறேன். எனக்கு வண்டியில் ஒரே ஒரு வசதிதான் கிடைக்கும் என்றால், ஆள் குறுக்கே வந்தால் எச்சரித்துத் தானே பிரேக் போடும் வசதியைத்தான் கேட்பேன்.

இது 'அடாஸ்' என்ற தொகுப்பில் வருகிறது. ஆனால் அதை நம்பிக் கையை விடக் கூடாது. கோடு அழிந்த சாலை, எதிர்த்திசையில் வரும் பைக், திடீரென்று நுழையும் மாடு எல்லாவற்றையும் அது சரியாகப் புரிந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. தேவையில்லாத இடத்தில் பிரேக் பிடித்தால் பின்னால் வரும் லாரிக்கும் ஆபத்து. டெஸ்ட் டிரைவை ஷோரூம் தெருவோடு முடித்துக்கொள்ளாமல், நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

இங்கேதான் விலைப்பட்டியலின் சூட்சுமம் இருக்கிறது. உயிர் காக்கும் வசதியும் சொகுசு வசதியும் ஒரே மூட்டையாகக் கட்டி, மேல் வகையில் மட்டும் கொடுப்பார்கள். இனோவா ஹைகிராஸ் வந்தபோது அதன் அடாஸ் தொகுப்பு உச்ச வகையில் மட்டும்தான் இருந்தது. ஆகவே வண்டியின் பெயரைக் கேட்காதீர்கள், வகையின் பெயரைக் கேளுங்கள். பாரத் என்கேப் நட்சத்திரத்தையும் பாருங்கள். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே இந்த மோதல் சோதனை நடக்கிறது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32 மதிப்பெண், குழந்தைகளுக்கு 49. நட்சத்திரத்தோடு நிறுத்தாமல் குழந்தை மதிப்பெண்ணையும் தனியாகப் பாருங்கள். ஹைகிராஸ் 2025-இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

வசதிகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கத்திரி வெயிலில் வேலூரில் காற்று வரும் சீட் சொகுசு இல்லை, மருந்து. சன்ரூஃபுக்குக் கொடுக்கும் பணத்தை அதற்குக் கொடுங்கள். டொயோட்டா முறையில் வரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால், சிஎம்சி வாசல் நெரிசலில் என்ஜின் அணைந்து நின்றாலும் ஏசி ஓடும். சில வண்டிகளில் பேட்டரி டிக்கியில் கொஞ்சம் இடத்தைச் சாப்பிட்டுவிடும். வீட்டில் வீல்சேர் இருந்தால் அதைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அந்தப் பாட்டி சொன்னதுபோல் வீட்டுப் பெரியவர்களை ஷோரூமுக்கு அழைத்துப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பேட்டரிக்குக் காற்று போகும் துளை சில வண்டிகளில் பின் இருக்கை ஓரத்தில் இருக்கும். அதைப் பையால் அடைக்கக் கூடாது. பேட்டரி வாரன்ட்டியை எழுத்தில் கேளுங்கள். டொயோட்டா 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் கொடுக்கிறது.

சுருக்கமாக, ஷோரூமில் இந்த வரிசையில் கேளுங்கள்:

1. இது மைல்டா, ஸ்ட்ராங்கா? ஏவாஸ் ஒலி இருக்கிறதா?
2. இந்த வகையில் எத்தனை ஏர்பேக்? பின்னால் எல்லோருக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா?
3. ஆள் குறுக்கே வந்தால் தானே பிரேக் போடுமா? ரிவர்ஸில் பக்கவாட்டில் வருபவரைக் காட்டுமா?
4. அணைக்காமல் இறங்கினால் எச்சரிக்குமா?
5. பேட்டரி எங்கே, வாரன்ட்டி எவ்வளவு, டிக்கி எவ்வளவு?
6. சீட், திரை, சன்ரூஃப் எல்லாம் இதற்குப் பிறகு.

கடைசியாக, நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். சரிவுப் பாதையின் வளைவில் ஒரு குவிகண்ணாடி வைக்க வேண்டும். பேஸ்மென்ட்டில் வேகம் பத்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதிப் போட வேண்டும். குழந்தைகள் ஷட்டில் ஆட மாடியில் மாலை ஒரு மணி நேரம் இடம் ஒதுக்க வேண்டும். அவர்கள் பேஸ்மென்ட்டுக்கு வருவது வேறு இடம் இல்லாததால்தான். கண்ணாடிக்கு ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். அன்று வண்டியைத் தட்டிய வாட்ச்மேனுக்கு இந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் என் நன்றியைச் சொல்லிக்கொள்கிறேன். என் வண்டியில் இருந்த எந்த சென்சாரும் செய்யாததை அவர் செய்தார்.