முனாஜாத்து: நம் வீட்டுத் தமிழில் இறைபுகழ்
(பொன்விழா நிறைவு நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் போற்றித் தொடங்குகிறோம்.  

இறைவனைப் பாட்டால் புகழ்வது பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி விழாக் குழுவினர் பணித்துள்ளார்கள். நபி தாவூது (அலை) அவர்களுக்கு அல்லாஹ் ஸபூர் வேதத்தை அருளினான். அவர்கள் துதித்தபோது மலைகளும் பறவைகளும் உடன் துதித்தன என்று திருக்குர்ஆன் சொல்கிறது. அபூ மூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள் குர்ஆன் ஓதும் இனிமையைக் கேட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தாவூது நபியின் குடும்பத்துக்கு வாய்த்த குரல்வளம் அவருக்கும் வாய்த்திருப்பதாகப் பாராட்டினார்கள். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் போட்டுக் கொடுத்ததும் ஹதீஸில் உண்டு. இவையெல்லாம் நம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டவை. எனவே நம் வீட்டுச் செய்திக்கு வருவோம்.

'முனாஜாத்து' என்ற சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். அந்தரங்கமாக, காதோடு காதாகப் பேசுவது என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். ஊரறியப் புகழ்வதும் புகழ்தான். ஆனால் முனாஜாத்து, அடியான் தன் ரப்பிடம் தனியே மனம் திறப்பது. தொழுகையில் ஓதுவது அரபு மொழி, அதில் மாற்றமில்லை. தொழுது முடித்துக் கையேந்தும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல், கப்பலேறிய மகனிடமிருந்து கடிதம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல நம் முன்னோருக்குத் தாய்மொழி வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்தவைதான் தமிழ் முனாஜாத்துகள்.

உமறுப் புலவர் சீறாப்புராணத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடினார். அது புலவர்கள் அவைக்கு உரியது. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் 'பராபரம்' என்று இறைவனை அழைத்துப் பாடிய கண்ணிகளைத் தெருவில் நடப்பவரும் பாடினார்கள். முனாஜாத்தோ அடுப்படியிலும் தொட்டிலடியிலும் வாழ்ந்தது. தமிழ் எழுத்துப் படிக்காத நம் பெண்கள் பலர், குர்ஆன் ஓதக் கற்ற அதே அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழை, அதாவது அரபுத் தமிழை, சரளமாக வாசித்தார்கள். 'படிக்காத பெண்கள்' என்று அவர்களைச் சொல்வது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து.

இந்தப் பாட்டு நம்மோடு கடல் கடந்தும் வந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும், தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்காவையும் எழுப்பிய சமுதாயம் நம்முடையது. சிங்கப்பூரில் அச்சாகி இன்று கிடைக்கும் தமிழ் நூல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? கணக்குப் புத்தகமல்ல, கதைப் புத்தகமல்ல. நாகூர் முகம்மது அப்துல் காதிர் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு'. ஆண்டு 1872. வணிகத்துக்கு வந்த ஊரில், ஒரு முனாஜாத்து நூலும் அச்சேறியிருக்கிறது! இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டாமா?

பிறகு வானொலி வந்தது, கேசட் வந்தது. நாகூர் ஹனிபா அவர்களின் வெண்கலக் குரல் நோன்புக் கஞ்சி மணத்தோடு சேர்ந்தே நம் நினைவில் நிற்கிறது. 2015இல் அவர் மறைந்தபோது பிற சமயத்து நண்பர்களும் நம்மிடம் துக்கம் விசாரித்தார்கள்.

இன்றைய நிலை வேறு. நம் பேரப்பிள்ளைகள் யாசீன் அழகாக ஓதுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 'உனக்கு என்ன வேண்டுமென்று அல்லாஹ்விடம் கேள்' என்றால் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அல்லாஹ்வுக்கு எல்லா மொழியும் தெரியும், அதில் கவலையில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நன்னிக்குப் பேரன் என்ன கேட்கிறான் என்று தெரியவில்லையே, அதுதான் கவலை. அவளுடைய முனாஜாத்தின் மெட்டு அவனுக்குத் தெரியும், சொற்கள் தெரியாது. ஒரே விரிப்பில் அமர்ந்து இருவரும் சேர்ந்து 'ஆமீன்' சொல்லும் இடம் சுருங்கிவருகிறது.

பாட்டு கூடுமா கூடாதா என்ற விவாதம் நம்மிடையே உண்டு. வாத்தியம் பற்றி ஆலிம்களின் கருத்து வேறுபாட்டை இந்த மேடையில் தீர்க்க நாம் வரவில்லை. வாத்தியமே இல்லாமல், ஷிர்க்கான சொல் ஏதுமில்லாமல், தமிழில் துஆ கேட்கும் பாட்டை மறுப்பவர் இங்கே யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அங்கிருந்து தொடங்கலாமே.

சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் மாதம் ஒரு முனாஜாத்தைப் பொருள் சொல்லிக் கற்பிக்க நினைக்கிறோம். பாட்டைச் சொல்லித்தர நன்னிமார், பெத்தாமார் வர வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்யப் பேரப்பிள்ளைகள் வர வேண்டும். வீட்டு அலமாரியில், குர்ஆன் உறைக்குப் பக்கத்தில், அட்டை கிழிந்த பழைய அரபுத் தமிழ்க் கிதாபு ஏதேனும் இருந்தால், வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இந்தச் சபையில் சிலர் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்கள் தயவுசெய்து செயலாளரிடம் தங்கள் பெயரைச் சொல்லிச் செல்லுங்கள்.

வஸ்ஸலாம்.