கோடை விடுமுறையும் கல்லூரி வாயிலும்



தலைமையாசிரியப் பணியினின்று ஓய்வு பெற்று, நோணாங்குப்பத்தில் வாழ்ந்து வருபவன் நான். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும், குடியிருப்புச் சான்றிதழ் உரிய நாளில் கைக்கு வராமையால், விரும்பிய கல்லூரியை இழந்தான். கோடையிலேயே அதனை வாங்கி வைக்குமாறு சொல்லத் தவறியவன் நானே. அக்குறை இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

புதுவையில் சென்டாக் சேர்க்கைக்கு மதிப்பெண் மட்டும் போதாது, சான்றிதழ்களும் வேண்டும். ஆகவே, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியோர், முடிவு வரும்வரை காத்திராமல் அவற்றிற்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

பதினோராம் வகுப்பு முடித்தோர்க்கு வேறொரு வேலை உண்டு. தாம் கல்லூரியில் எடுக்க விரும்பும் பாடத்தை இப்போதே சோதித்துப் பார்த்தல் அது. வரலாற்றில் நாட்டமுடையோர், 1945இல் வீலர் அகழ்ந்து உரோமானிய வணிகத்தின் தடயங்களைக் கண்ட அரிக்கமேட்டிற்குச் செல்லலாம்; 1827இல் தோன்றிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் அதுபற்றிப் படித்து, பத்துப் பக்கம் சொந்த நடையில் எழுதலாம். அப்பக்கங்களுக்கு மதிப்பெண் இல்லை. ஆயினும், அப்பாடம் தமக்கு உரியதுதானா என்பது எழுதி முடிக்கையில் விளங்கிவிடும். அயல்நாட்டுக் கல்லூரிகள் பல கேட்கும் கட்டுரைக்கும் அதுவே பயிற்சியாகும்.