பங்குனி வானமும் கீரிப்பாறை மலையும்



பங்குனி, சித்திரை மாதங்களில் வானிலை அறிக்கையைக் கேட்போருக்கு ஒரு தொடர் நன்கு பழகியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் 'ஓரிரு இடங்களில்' இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்பதே அது. 'எந்த இடம் என்று சொன்னாலல்லவா குடை எடுத்துச் செல்லலாம்!' என்று சிலர் நகைப்பர். மாணவப் பருவத்தில் நானும் அவ்வாறு நகைத்தவனே. அந்த நகைப்பு தவறானது என்பதை எனக்குக் கற்பித்தது நான் பிறந்த ஊராகிய கீரிப்பாறை.

நாகர்கோவிலை விட்டு வடக்கே சென்றால் நாஞ்சில் நாட்டு வயல்களும் குளங்களும் தென்னந்தோப்புகளும் கடந்து ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கும். அத்தோட்டங்களின் நடுவே, மலையடிவாரத்தில் அமைந்தது கீரிப்பாறை. அதற்கு மேலே காளிகேசம். அதற்கும் மேலே அடர்ந்த காடு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இம்மாவட்டத்திற்கு உண்டு. அவை வரும் காலத்தை ஏறக்குறைய நாம் அறிவோம். இடைப்பட்ட மார்ச்சு முதல் மே வரையிலான கோடை மழையோ அவ்விதம் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதன்று. காலையில் வெயில் சுடும். பிற்பகலில் முகடு கறுக்கும். மாலையில் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும். அடுத்த பள்ளத்தாக்கில் புழுதி அடங்காது.

இது வானத்தின் விளையாட்டா? இல்லை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகற் சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. சூடேறிய மலைச்சரிவுகளைத் தொட்ட காற்று இலேசாகி மேலெழுகிறது. பகலில் அரபிக் கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று அவ்விடத்தை நிரப்ப வருகிறது. மலையின் கிழக்கே, திருநெல்வேலிச் சமவெளியின் வெப்பக்காற்று நிற்கிறது. இரண்டும் முகட்டருகே சந்திக்கும்போது ஈரக்காற்று மேலே தள்ளப்படுகிறது. உயர உயரக் காற்று குளிரும். குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி மேகமாகும். அம்மேகம் சில நாழிகையில் 10 கிலோமீட்டருக்கு மேலும் வளர்ந்து இடிமேகமாகும். கடற்காற்று ஒரு மணி நேரம் தாமதித்தாலும், மெல்லிய மேகம் ஒன்று வெயிலைச் சிறிது மறைத்தாலும் மழை விழும் இடம் மாறிவிடும்.

ஒரு பங்குனிப் பிற்பகலில் நாங்கள் நான்கைந்து சிறுவர்கள் காளிகேசம் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தோம். முழங்காலளவு நீர். தலைக்கு மேல் நீலவானம். பால்வெட்டுத் தொழிலாளியாகிய என் தாய்மாமன் கரையில் நின்றிருந்தார். தெளிந்த நீரில் சருகுகள் கூட்டமாக மிதந்து வருவதையும், நீரின் நிறம் சற்றே மாறுவதையும் கண்டு, "மக்களே, கேறி வாங்க! மலையிலே மழை!" என்று கூவினார். மழை எங்கே என்று வினவிக்கொண்டே மனமின்றிக் கரையேறினோம். சற்று நேரத்தில் செந்நீர் இரைந்து வந்தது. நாங்கள் அமர்ந்திருந்த பாறை கண்ணுக்கு மறைந்தது. எங்கள் மேல் அன்று ஒரு துளிகூட விழவில்லை.

பின்னர்க் கல்லூரியில் இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் நீர். ஒரு சதுரக் கிலோமீட்டர் மலையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அது 5 கோடி லிட்டர்! செங்குத்தான பாறைச் சரிவில் அதிற் பெரும்பகுதி ஒரே ஓடையை நோக்கி விரைந்தால் ஆறு எவ்வாறு பெருகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

உயிருக்கு மட்டுமன்றிப் பிழைப்புக்கும் இம்மழை சோதனையே. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடுவது மாசி, பங்குனியை ஒட்டி. அவ்வேளையில் மூடுபனியும் தூறலும் நீடித்தால் சாம்பல் நோய் தளிரைத் தாக்கும். முன்மாலை மழையில் நனைந்த பட்டை விடியும்வரை உலராவிடில், அன்று பால் வெட்ட இயலாது; சிரட்டைகள் வெறுமையாகத் தொங்கும். அருகிலுள்ள மாறாமலையில் கிராம்பு விளைகிறது. 2021ஆம் ஆண்டில் கன்னியாகுமரிக் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றது. பறித்த மொட்டு சில நாள் நல்ல வெயிலில் காயவேண்டும். இடையே மழை வந்தால் பூஞ்சை பிடித்து நிறமும் விலையும் குன்றும். ஆயினும் இதே மழைதான் ஓடைகளை உயிர்ப்பிக்கிறது, காட்டுத்தீயை அணைக்கிறது. ஆதலின் இதனை வேண்டாம் என்றும் சொல்வதற்கில்லை.

இனி, அந்த 'ஓரிரு இடங்களுக்கு' வருவோம். அது மழுப்பல் அன்று; அளவு குறிக்கும் சொல். ஒரு பகுதியிலுள்ள மழை அளக்கும் நிலையங்களுள் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகுமெனின் 'ஓரிரு இடங்கள்' என்பர்; 26 முதல் 50 வரை எனின் 'சில இடங்கள்' என்பர். எந்தப் பள்ளத்தாக்கு என்பதைக் காலையில் உறுதியாகச் சொல்ல இயலாது. மேகம் எழுந்தபின் ராடாரின் துணையால் அடுத்த மூன்று மணி நேரத்திற்குரிய எச்சரிக்கை தரப்படுகிறது. தன் அறிவின் எல்லையை அறிந்து பேசுவது அறிவியலின் நேர்மையல்லவா?

அந்த எல்லையை விரிப்பது பொறுமையான அளவீடே. இப்பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1837ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் வானாய்வுக் கூடம் அமைந்தது. 1852இல் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன் சமவெளி அளவுகளோடு மனநிறைவு கொள்ளவில்லை. கீரிப்பாறைக்கு வடமேற்கே, 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலை முகட்டிலும் ஆய்வுக் கூடம் ஒன்றை நிறுவினார். காடும் காற்றும் அட்டையும் நிறைந்த மலைக்குக் கருவிகளைச் சுமந்து சென்றவர்களின் உழைப்பை எண்ணிப் பாருங்கள்! மலையின் வானிலையை மலைமேல் நின்றே அறியவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் அளவைக் குறித்து வாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாயின் இடிமேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; மரத்தடியில் ஒதுங்காமல் வீட்டினுள் செல்லுங்கள். மலையாற்றில் இறங்குமுன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பாராதீர்கள். முகட்டைப் பாருங்கள், நீரின் நிறத்தைப் பாருங்கள். என் மாமன் பள்ளியில் படித்தவரல்லர். ஆயினும் 'ஓரிரு இடங்கள்' என்பதன் பொருளை அவர் அறிந்திருந்தார். நம் மேல் மழை இல்லை என்பதனால் மழையே இல்லை என்று அவர் எண்ணவில்லை.