வழக்கு முடியும்வரை உடன் இருப்போம்

(மஹல்லா குடும்பச் சந்திப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இந்த விஷயத்தைக் குடும்பங்கள் கூடியிருக்கும் சபையில் பேசலாமா என்று நிர்வாகக் குழுவிலேயே இரண்டு கூட்டங்கள் விவாதித்தோம். பேசத்தான் வேண்டும் என்று முடிவெடுக்க வைத்தது நாங்கள் செய்த ஒரு தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். கல்வி உதவி விண்ணப்பம் கேட்டார், கொடுத்தோம். வாங்கியவர் எழுந்து போகவில்லை. அந்தத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, கல்லூரியில் படிக்கும் தன் மகளுக்கு நடந்ததைச் சொன்னார். செய்தவன் தெரிந்தவன். தெருவையும் உறவையும் சொல்ல மாட்டோம். யாரும் யூகிக்கவும் வேண்டாம்.

அன்று நாங்கள் சொன்னது இதுதான்: "பொறுமையா இருங்கம்மா. வீட்டில் இன்னொரு பெண் கல்யாணத்துக்கு இருக்கு. அவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறோம்." கண்டித்தோம். அவன் வழக்கம்போல் நடமாடினான். படிப்பை விட்டது அந்தப் பெண்தான். அதைச் 'சுமுகமாக முடித்த விஷயம்' என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அல்லாஹ் எங்களை மன்னிக்கட்டும்.

சமரசம் பேசுவது ஜமாஅத்துக்குப் பழக்கமான வேலை. கடன், பாகப்பிரிவினை, கணவன் மனைவி மனஸ்தாபம் என்றால் பேசலாம். பாலியல் வன்கொடுமை அந்தப் பட்டியலில் வராது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே இப்படிப்பட்ட ஒரு வழக்கில் தண்டனை பெற்றவருக்கு ஜாமீன் கொடுத்து, சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. அடுத்த மாதமே, மத்தியப் பிரதேச வழக்கொன்றில் இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. 2024 நவம்பரில் ராஜஸ்தான் வழக்கு ஒன்று. மாணவியின் தந்தையும் ஆசிரியரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று முடித்துவைக்கப்பட்ட போக்சோ வழக்கை உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர்ப்பித்தது. நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் நம் ஜமாஅத் அறைக்கு எங்கிருந்து வரும்?

"நாலு சாட்சி இருக்கா?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மதரஸாவில் ஓதியவன் என்ற உரிமையில் சொல்கிறோம். அந்நூர் சூராவின் நான்காவது வசனம், கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்துகிறவர்களைத் தடுக்க வந்தது. பெண்ணைக் காக்க வந்த வசனத்தை, 'எனக்குக் கொடுமை நடந்தது' என்று வரும் பெண்ணின் வாயை அடைக்க எடுக்கிறோம். தொழுகைக்குப் போன வழியில் தாக்கப்பட்ட ஒரு பெண்ணின் சம்பவம் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, நான்கு சாட்சி எங்கே என்று யாரும் கேட்டதாக அதில் இல்லை.

இப்போது நடைமுறைக்கு வருவோம். ஒரு வீட்டில் இப்படி நடந்தால் முதல் வேலை வைத்தியம். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாக முதல் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொண்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. போலீசுக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனையின் கடமை. ஆனால் பரிசோதனைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும். கர்ப்பம் தரிக்காமலும் எச்.ஐ.வி. தொற்றாமலும் தடுக்கும் மருந்துகளை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் கொடுக்க வேண்டும். முடியுமானால் குளிக்காமல் போவது நல்லது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். குளித்துவிட்டாள், துணியை அலசிவிட்டாள் என்பதால் வழக்கே போச்சு என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் தாய்மார்கள் முதலில் செய்வதே பிள்ளையைக் குளிப்பாட்டுவதுதான். அது பாசம். அதற்காக அவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று மறுக்க முடியாது. பெண் போலீஸ்தான் வாக்குமூலம் எழுத வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். வாங்காமல் வெளியே வராதீர்கள். அதன்பின் மாஜிஸ்திரேட் முன்னிலையில் ஒரு வாக்குமூலம் உண்டு. இத்தனை இடங்களில் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் பல பெண்கள் தளர்ந்து போகிறார்கள். அந்தந்த வாசலில் கூட ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் அறிவுரை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஃபிளாஸ்க் டீயும் மாற்றுத் துப்பட்டாவும் கொண்டு போனால் பெரிய உதவி.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் சட்டம் இன்னும் கண்டிப்பானது. விஷயம் தெரிந்த எவரும் புகார் செய்தாக வேண்டும், மறைத்தால் அது குற்றம். அந்த 'எவரும்' என்பதில் உஸ்தாதும், மதரஸா நிர்வாகியும், இங்கே நிற்கிற நாங்களும் அடக்கம். அதனால் எங்களிடம் வரும் தாய்க்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: "உங்க பெயர் வெளியே போகாதும்மா. ஆனா பிள்ளை சின்னதுன்னா, போலீசில் சொல்லாம இருக்க எங்களால் முடியாது." மகள் வயது வந்தவளாக இருந்தால் முடிவு அவளுடையது, எங்களுடையதோ அவள் அத்தாவுடையதோ அல்ல.

சிறார் வழக்கில் போலீஸ் சீருடையில்லாமல் வீட்டுக்கே வந்து விசாரிக்க வேண்டும். பிள்ளையை இரவில் நிலையத்தில் வைக்கக் கூடாது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளை நேருக்கு நேர் பார்க்காதபடி ஏற்பாடு செய்ய வேண்டும், குறுக்கு விசாரணைக் கேள்விகளும் நீதிபதி வழியாகத்தான் வர வேண்டும். பிள்ளை நம்புகிற ஒருவர் அங்கே கூட இருக்கலாம். குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டால் வழக்கு முடியும்வரை உடன் வர ஒரு துணை நபரை நியமிப்பார்கள். இதைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

எல்லாவற்றிலும் கடினம் காத்திருப்பதுதான். புகார் கொடுத்த வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். ஏழாவது வாய்தாவுக்கு யாரும் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி, பஸ் செலவு, சின்னப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கவலை. அந்தச் சமயத்தில்தான் எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் பணத்தோடும் பணிவோடும் வருவார். சாட்சிகள் பிறழ்வது பெரும்பாலும் பொய்யால் அல்ல, களைப்பால். பொள்ளாச்சி வழக்கை நினைத்துப் பாருங்கள். 2019இல் வெளிவந்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயர் போலீஸ் தரப்பிலிருந்தே கசிந்து, உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வர ஆறு வருடம் ஆனது. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது என்றால், எட்டுப் பெண்கள் கடைசிவரை சொல் மாறாமல் நின்றதால்தான்.

நம் தெருவில் ஒரு பெண் அப்படி நிற்க நாம் விடுவோமா? பெயரை வாட்ஸ்அப்பில் போடுவது, போட்டதை அனுப்புவது, இரண்டுமே குற்றம். பெயர் இல்லாமல் 'அந்த மூணாவது வீடு' என்று சொன்னாலும் அதே குற்றம்தான். அதைவிட, கல்யாணப் பத்திரிகை அந்த வீட்டுக்கு மட்டும் போகாமல் இருக்கிறதே, அதற்கு எந்தச் சட்டப் பிரிவும் கிடையாது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவனும் நம் மஹல்லாவைச் சேர்ந்தவனாக இருக்கலாம். அவனுக்கு வக்கீல் வைக்கும் உரிமை உண்டு, தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் அவனுக்காக ஜமாஅத் பெயரில் ஒரு குழு அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போகாது. சொந்த உறவுக்கு எதிராகவே ஆனாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்கிறது அந்நிஸா சூராவின் 135ஆம் வசனம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரப் பையன் மாட்டினாலும் இதே முடிவுதான். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம்.

பைத்துல்மாலில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். வாய்தா நாளின் ஆட்டோ, சாப்பாடு, இழந்த கூலிக்கு அது. ரசீதில் 'மருத்துவ உதவி' என்று மட்டும் இருக்கும், பதிவேட்டில் பெயர் இருக்காது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலும் இழப்பீடும் கேட்க விண்ணப்பம் எழுதித் தருவோம். பெண்கள் உதவிக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100. அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.

கூட வருவதற்கு ஐந்து சகோதரிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து பேர் வேண்டும். வாயை இறுகக் கட்டக்கூடியவராக இருந்தால் போதும். அலுவலகத்தின் பின்பக்க அறையில் திங்களும் வியாழனும் அஸருக்குப் பிறகு பெண்கள் மட்டும் இருப்பார்கள். கல்வி உதவி விண்ணப்பங்களும் இனி அந்த அறையில்தான் கிடைக்கும். அதனால் யார் எதற்காக அங்கே போகிறார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது.