ஒரு தொடரும் இரு பொருளும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாட்டுக் கச்சேரிக்குக் காத்திருக்கும் உங்கள்முன் அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேச வந்துள்ளேன், பொறுத்தருள்க. ஒரே ஒரு தொடரைத்தான் எடுத்துக்கொள்கிறேன். சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் தன்னுரிமையையும் பறித்தலாகாது என்பது 21-ஆம் பிரிவு.

அந்நடைமுறை நியாயமானதா என்று யார் பார்ப்பது? அமெரிக்காவில் நீதிபதிகள் பார்த்தனர். இங்கே அவர்கள் கையில் அவ்வளவு அதிகாரம் சேர்தல் ஆகாதென்று அரசியல் நிர்ணய சபையில் அஞ்சியவர்களுள் சென்னை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர்.

1950-இல் தடுப்புக் காவலை எதிர்த்து ஏ. கே. கோபாலன் வழக்காடினார். முறைப்படி இயற்றிய சட்டம் இருந்தால் போதும். அது நியாயமா என்று ஆராய்வது எம் பணியன்று என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். பஸல் அலி மாறுபட்டார். இளமையில் நானும் பெரும்பான்மைக் கட்சியே. மக்கள் வாக்களித்து அனுப்பியவர் செய்த சட்டத்தை, வாக்குப் பெறாதவர் எடைபோடுவதா என்பது என் வாதம்.

1976 ஏப்ரல் மாதத் தீர்ப்பைப் படித்தபின் அவ்வாதம் எனக்குக் கசந்தது. நெருக்கடி நிலையில் சிறைப்பட்டோரின் ஆட்கொணர்வு மனுக்கள் அவை. காவலர் ஒருவர் உயிரையே பறித்தாலும் வழியில்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் விடையிறுத்தார். ஐவரில் நால்வர் அரசின் பக்கம் நின்றனர். கன்னா ஒருவரே மறுத்தார். 1977-இல் தலைமை நீதிபதி பதவி அவரினும் இளையவருக்குப் போயிற்று, கன்னா விலகினார். அத்தீர்ப்பு தவறென்று உச்ச நீதிமன்றமே ஒப்பியது 2017-இல்!

இடையில், 1978-இல் மேனகா காந்தி வழக்கு. பாஸ்போர்ட்டை முடக்கிவிட்டு, காரணம் கூற அரசு மறுத்தது. நடைமுறை இருந்தால் மட்டும் போதாது, அது நேர்மையும் நியாயமும் உடையதாகவும் இருத்தல் வேண்டும் என்றது நீதிமன்றம். 21-ஆம் பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பொருள்தான் மாறிற்று. முன்னோர் அஞ்சி விலக்கியது வேறு வாயில் வழியே உள்ளே வந்தது. நான் மகிழ்ந்தேன்.

ஆயினும் 1993-இல் நீதிபதிகள் நியமனத்தில் 'கலந்தாலோசனை' என்ற சொல்லுக்கு ஏறத்தாழ 'இசைவு' என்றே பொருள் கொண்டபோது, அம்மகிழ்ச்சி எனக்கு வரவில்லை. முன்னதில் குடிமகனுக்குக் கதவு திறந்தது; பின்னதில் நீதிபதிகள் தம் நாற்காலியையே அகலப்படுத்திக்கொண்டனர். அதை மாற்ற நாடாளுமன்றம் செய்த திருத்தமும் 2015-இல் செல்லாததாயிற்று. அத்திருத்தத்தால் நீதிமன்றத்தின் சுதந்திரம் கெட்டிருக்கும் என்று நம் சங்கத்து வழக்கறிஞர் நண்பர்கள் என்னை மறுப்பார்கள். மேடை இனி அவர்களுடையது.